வால் பகுதியின் விலையை நம்பி விமானம் கட்டத் தொடங்கலாமா?

கேள்வி: கப்பலூரில் தகடு வேலைப் பட்டறை நடத்துகிறேன். வயது 38. வைப்புநிதியில் 30 லட்சம் ரூபாய் உள்ளது. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் போக மாதம் 35,000 ரூபாய் மிஞ்சுகிறது. இரண்டு இருக்கை விமானத்தைக் கிட்டாக, அதாவது பிரித்து விற்கும் பாகங்களின் தொகுப்பாக வரவழைத்து நானே கட்ட ஆசை. இதுவே முதல் முயற்சி. வால் பகுதிக் கிட்டை மட்டும் இப்போது வாங்கலாமா?

பதில்: உங்கள் கைத்தொழிலுக்கு இந்த ஆசை பொருத்தமானதுதான். ஆனால் வால் பகுதியின் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது சில ஆயிரம் டாலரில் முடிந்துவிடும். அதன் பின் இறக்கை, உடற்பகுதி, எஞ்சின், புரொப்பெல்லர், கருவிகள் என்று ஒவ்வொன்றாக வரும். ரோட்டக்ஸ் நிறுவன எஞ்சின் பொருத்திய ஆர்வி-12 போன்ற இரண்டு இருக்கைக் கிட் விமானம் முழுமையாக முடிய ஒரு லட்சம் டாலருக்குக் குறையாது. டாலரை 80 ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும் 80 லட்சம். கப்பல் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி தனி. அவசரத் தேவைக்கு 10 லட்சத்தை ஒதுக்கிவிட்டால் உங்களுக்கு 60 லட்சம் குறைகிறது. மாதம் 35,000 வீதம் அதைச் சேர்க்க 14 ஆண்டுகள் ஆகும். 2011-இல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2022-இல் 80-ஐத் தாண்டியதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முன்பணத்திலும் கவனம் வேண்டும். ஆர்வி கிட்டுகளைத் தயாரிக்கும் வேன்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியபோது, ஏற்கெனவே பணம் கட்டியிருந்தவர்களும் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எஞ்சினைக் கடைசியாகவே வாங்குங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது அனுமதிதான். மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்துக்குப் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017 நவம்பரில்தான் பதிவு கிடைத்தது. ஆகவே எந்தப் பிரிவில் பதிவு கிடைக்கும், சோதனைப் பறத்தலுக்கு என்ன நிபந்தனை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பதில் வந்த பிறகே டாலர் அனுப்புங்கள். விமானத்தை எங்கே நிறுத்துவது, என்ன வாடகை என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதுவரை சில ஆயிரம் ரூபாய்க்கு அலுமினியத் தகடு வாங்கி, இறக்கையின் ஒரு சிறு துண்டைப் பட்டறையிலேயே செய்து பாருங்கள். துளைகளின் இருபுறமும் பிசிறு எடுத்து, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்து, சரியாக அமையாத ரிவெட்டைத் துளையைப் பெரிதாக்காமல் கழற்றிப் பழகுங்கள். எளிய கிட்டுக்கே 700, 800 மணி நேரம் இப்படிப்பட்ட வேலைதான். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டரை ஆண்டு. அது உங்களுக்குச் சலிக்கவில்லை என்றால், உங்களைப் போலவே ஆர்வமுள்ள இருவரைச் சேருங்கள். மூவர் பங்கிட்டால் வரி நீங்கலாக ஆளுக்கு ஏறக்குறைய 27 லட்சம். அதை உங்களால் சில ஆண்டுகளில் சமாளிக்க முடியும். ஒருவர் நடுவில் விலகினால் அவர் பங்கை என்ன விலைக்கு யார் எடுப்பது என்பதை முதல் தவணைக்கு முன்பே ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்தோ தனிநபர் கடன் வாங்கியோ பங்கு செலுத்த வேண்டிய நிலை வந்தால், அந்தத் தவணையைத் தள்ளிப்போடுங்கள்.