சேலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். செடிகள், மூங்கில், பாய் என்று இயற்கைப் பொருட்களை வைத்து 'போஹோ' பாணியில் அலங்கரிக்க ஆசை. எப்படித் தொடங்குவது, எவ்வளவு செலவாகும்?

நானும் வாடகை வீடுதான். அஸ்தம்பட்டியில் மாடி வீடு, மேற்குப் பார்த்த ஹால், தலைக்கு மேலே மொட்டை மாடி. ஏப்ரல், மே இரண்டு மாதமும் ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் இட்லிப் பானை மூடி மாதிரி சுடும். ஆறு வருடமாக இந்த வீட்டில் செடி வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடத்தை வளர்த்த கணக்கில் சேர்க்கக் கூடாது, வாங்கி வாங்கிக் கொன்ற கணக்கு அது.

சேலத்துக்காரர்கள் பாதிப் பேர் செய்கிற தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போவோம். ஏரி, பஜ்ஜி, படம் எடுத்தல் எல்லாம் முடிந்து கிளம்பும்போது சாலையோரம் ஒரு செடிக்கடை கண்ணில் படும். நான் வாங்கியது ஒரு பெரணி. காம்பு கறுப்புக் கம்பி மாதிரி, இலை கொத்தமல்லி மாதிரி, அவ்வளவு மென்மை. இருபது கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். பையன் வாந்தி எடுத்தபோதுகூட நான் தொட்டியைக் கீழே வைக்கவில்லை என்று வீட்டில் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்கள். மொத்தம் பதினோரு நாள் இருந்தது. முதலில் இலையோரம் சுருண்டது, தண்ணீர் ஊற்றினேன். இன்னும் சுருண்டது, இன்னும் ஊற்றினேன். கடைசியில் மண் சொதசொதவென்று இருக்க, இலை மட்டும் தொட்டால் அப்பளமாக நொறுங்கியது.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டருக்குக் கிட்ட. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் பெரணி ஒரு மணி நேரக் கார் பயணத்தில் எட்டு டிகிரி கூடுதல் சூட்டுக்கு வந்துவிட்டது. சூடுகூடப் பரவாயில்லை, காற்றில் ஈரம் இல்லாததுதான் கொன்றது. வேர் உறிஞ்சிக் கொடுக்கிற வேகத்தைவிட இலை இழக்கிற வேகம் அதிகம். அதனால்தான் காலடியில் தண்ணீர் தேங்கியிருக்க, தலை காய்ந்து செத்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: மலையிலிருந்து உயிரில்லாததை எடுத்து வருவது, உயிருள்ளதைக் கீழே வாங்குவது.

உயிரில்லாதது என்றால் என்ன? காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்து பாருங்கள். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் இலை உதிர்த்திருக்கும். பெரணி மாதிரியே வெட்டு வெட்டாக இருக்கும் இலை. மேல்பக்கம் பழுப்பு, திருப்பினால் வெள்ளிப் பூச்சு. ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து, பழைய தினத்தாளுக்கு நடுவில் வைத்து மேலே நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி, பத்து நாள் கழித்து எடுத்து ஒரு மண் குடுவையில் செருகினேன். மூன்று வருடமாக அப்படியே நிற்கிறது. செத்த பெரணியைவிட அழகு, தண்ணீரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் சில்வர் ஓக் நம் மரம் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பியே வந்ததுதான், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டது. காப்பிச் செடியைக் கவாத்து செய்கிற சமயத்தில் போனால், கணுக்கணுவாக முறுக்கேறிய கிளைகள் விறகுக்குக் கிடக்கும். தோட்டத்துக்காரரைக் கேட்டு எடுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஹாலில் திரைச்சீலைக் கம்பிக்குப் பதில் அப்படி ஒரு கிளைதான்.

காட்டில் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆர்க்கிட்டை மட்டும் பிடுங்கி வராதீர்கள். குற்றம் என்பது ஒரு பக்கம், நம் ஹாலில் பிழைக்காது என்பது இன்னொரு பக்கம். பார்க்க ஆசையாக இருந்தால் ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. 1963-லிருந்து இருக்கிறது, கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.

இனி இந்த 'போஹோ'. பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டில் இருக்கிற ஒரு பகுதி. ஊர் ஊராகத் திரிந்த ரோமானி மக்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்று நினைத்து பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கு வைத்த பேர் அது. பிறகு 19-ஆம் நூற்றாண்டில், வாடகை கொடுக்கவே திண்டாடிக்கொண்டு பாரிஸில் கிடந்த ஓவியர், எழுத்தாளர்களுக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. கையில் கிடைத்ததை வைத்து வாழ்ந்தவர்கள். அந்தப் பேரில் இன்றைக்கு முழு செட்டாக, ஒரே பெட்டியில், தவணை முறையில் விற்கிறார்கள். நானும் வாங்கினேன், ஒளிப்பானேன். பருத்திக் கயிற்றில் பின்னிய தொங்கு தொட்டி நாலு, சுவர்த் தொங்கல் ஒன்று, மூங்கில் அலமாரி ஒன்று, மொத்தம் 9,000 ரூபாய்.

தொங்கு தொட்டியின் அடிமுடிச்சில் தண்ணீர் சொட்டிச் சொட்டி மூன்றே மாதத்தில் கறுப்புப் பூசணம். ஒரு நாள் காலை தொட்டி தரையில், மண் சோபாவில். அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் அம்மாயி வீட்டு உறி ஞாபகம் வந்தது. ஓமலூர்ப் பக்கம் கிராமம். அடுப்படி விட்டத்தில் மூன்று உறி தொங்கும், தயிர்ச் சட்டி, நெய்ச் சட்டி, மூன்றாவதில் எங்களுக்கு எட்டக் கூடாத ஏதோ ஒன்று. அத்தனை வருடப் புகையிலும் ஈரத்திலும் அது அறுந்து நான் பார்த்ததே இல்லை. தேங்காய் நார் ஈரத்துக்குப் பருத்தியைப் போலச் சீக்கிரம் இற்றுப்போகாது.

செவ்வாய்ப்பேட்டையில் கயிற்றுக் கடையில் போய் உறி கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருங்க்கா கேக்கறாங்க" என்றார் கடைக்காரர். கேட்டுவிட்டேனே என்று கயிற்றை அளந்து வெட்டி, அவரே தரையில் உட்கார்ந்து, கட்டை விரலில் மாட்டி இழுத்து ஒன்றை முடிந்து காட்டினார். சும்மாடு மாதிரி அடியில் ஒரு வளையம், அதிலிருந்து நாலு கால், உச்சியில் ஒரு முடிச்சு. பத்து நிமிட வேலை. இரண்டாவதை என்னையே போடச் சொன்னார். என்னுடையது கொஞ்சம் கோணல், ஆனாலும் அதுதான் இப்போது ஹால் நடுவில் தொங்குகிறது.

வாடகை வீட்டில் எதில் தொங்கவிடுவது என்பீர்கள். சுவரில் துளை போட விட மாட்டார்கள் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கியிருப்பார்கள். ஹால் கூரையை அண்ணாந்து பாருங்கள். கொஞ்சம் பழைய வீடாக இருந்தால் தொட்டில் கொக்கி இருக்கும். பிள்ளையைத் தாங்கியது செடியைத் தாங்காதா? ஆனால் செம்மண் மட்டும் நிரப்பி நனைத்தால் கல்லாகக் கனக்கும். பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள் கலந்துகொள்ளுங்கள். கட்டியாக விற்கிற நார்த்தூளை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், அதில் உப்பு இருக்கும். கொக்கி இல்லையென்றால் ஜன்னல் கிரில் போதும்.

சுவருக்கு நான் மாட்டியது முறம். சிறிதும் பெரிதுமாக ஐந்து. மாமியார் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பொடைக்கற மொறத்த ஆணியில மாட்டி வெச்சு என்னத்தம்மா பொடைக்கப் போற?" என்று கேட்டார். மறுநாள் காலை ஒன்றைக் கழற்றி எடுத்து உளுந்து புடைத்துவிட்டு, கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அலங்காரம் அப்படித்தான், வேண்டும்போது இறங்கி வேலை செய்யும்.

அந்த 9,000 ரூபாய் செட்டில் வந்த மூங்கில் அலமாரி கதை வேறு. ஒரு நாள் அதன் கீழே முகப்பவுடர் கொட்டியது போல மஞ்சளாக ஒரு சின்னக் குவியல். துடைத்தேன், மறுநாளும் இருந்தது. ராத்திரி அமைதியில் காதை வைத்தால் கறுக் கறுக் என்று சத்தம். உளுத்துப் போயிருந்தது. மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்தைத் தின்ன வருகிற வண்டு அது. கூடை முடைகிறவர்களைக் கேட்டால் முற்றின மூங்கிலாக வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு காயவைத்தது என்றால்தான் நம்பு என்பார்கள். ஊறினால் அந்தச் சத்து கரைந்து போய்விடும். பட்டறைகளில் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். மூங்கில் சாமான் வாங்கும்போது ஊறவைத்ததா என்று கேளுங்கள். அதுவும் வாங்குமுன் தரையில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தரைக்கு நான் ரொம்ப யோசிக்கவில்லை. பவானி ஜமக்காளம் ஒன்று, கோரைப்பாய் இரண்டு. பட்டைப் பட்டையாகச் சிவப்பும் நீலமும் பச்சையும் ஓடுகிற ஜமக்காளத்தைவிடப் போஹோவாக ஒன்றை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கோரைப்பாயில் தொட்டியை நேரடியாக வைக்காதீர்கள், வட்டமாகக் கறுத்துவிடும்.

செடிக்கு வருகிறேன். ஹால் எந்தப் பக்கம் பார்த்தது என்று நீங்கள் சொல்லவில்லை, அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நண்பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம்வரை செடி வைக்கலாம், அதற்கும் இருட்டான மூலைக்குச் சில்வர் ஓக் இலை. என் வீட்டில் மேற்கு வெயிலையே தாங்கி நிற்பது ஸ்நேக் பிளான்ட். வேலியோரம் வளரும் மருளுக்குச் சொந்தக்காரச் செடி, அந்தக் காலத்தில் நாரெடுத்துக் கயிறு திரித்த ஜாதி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் போதும், பாசத்தில் அதிகம் ஊற்றினால் அழுகிவிடும். ஜன்னலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி அரிக்கா பாம். உறியில் மணி பிளான்ட். தவழுகிற குழந்தை இருந்தால் மணி பிளான்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். கருணைக்கிழங்கு ஏன் நாக்கை அரிக்கிறதோ அதே ஊசி ஊசியான படிகம் இதன் இலையிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே குடும்பம்.

செடிக்கடையில் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "போன மே மாசம் இந்தச் செடி எங்க இருந்துச்சு?" இங்கேதான் என்றால் வாங்குவேன். லாரியில் போன வாரம் வந்தது என்றால் நகர்ந்துவிடுவேன்.

போர் தண்ணீர் ஊற்றுகிற வீடானால் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூக்கும், இலை நுனி கருகும். மேட்டூர்த் தண்ணீர் வருகிற அன்றைக்கு ஒரு குடம் செடிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளுகிற தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. மொத்த உப்பும் அதில்தான் சேர்ந்திருக்கிறது, அதற்குப் பதில் தரை கழுவுங்கள்.

கண்ணாடிப் பாட்டிலில் வெறும் தண்ணீரில் மணி பிளான்ட் வைப்பது பார்க்க அழகுதான். ஒரு நாள் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இங்க வாங்க கண்ணு" என்று கூப்பிட்டார். என் அருமைப் பாட்டிலில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெட்கமாகப் போய்விட்டது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வரப் பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள், அதோடு பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுக்கும் இதேதான்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்றால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 1989-இல் நாசா செய்த சோதனை காற்றுப் புகாத அடைத்த பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் அப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னல் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்றார்கள். அப்புறம் நாம் எங்கே உட்காருவது?

செலவு: இப்போது ஹாலில் இருக்கிற ஜமக்காளம், பாய், ஐந்து முறம், இரண்டு உறி, ஒன்பது செடி, மண் தொட்டிகள் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள். ஒரே நாளில் வாங்கவில்லை, இரண்டு வருடம் ஆனது. கத்திரி வெயிலில் மட்டும் தொடங்காதீர்கள். ஆடி பிறக்கட்டும், நாலு மழை விழட்டும். அதுவரைக்கும் உறி முடியக் கற்றுக்கொள்ளலாம்.