டாக்டர் பதில்கள்: அப்பாவின் குரோமோசோம் எனக்கும் வருமா?

டாக்டர், என் அப்பா அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறார். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு திம்மென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் வீக்கம், வெள்ளையணு ஒன்றரை லட்சம். சிஎம்எல், ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'பிலடெல்பியா குரோமோசோம் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. குரோமோசோம் என்றாலே பரம்பரைதான் என்று பெரியம்மா சொல்லப்போக, எனக்குப் பேசிய வரன் வீட்டில் பின்வாங்குகிறார்கள். நானும் டெஸ்ட் எடுக்கட்டுமா?
– வாசகி, சேலம்

வேண்டாம்மா, காசு தண்டம். அப்பாவுக்கு இது பிறவியில் வந்ததில்லை. அவருடைய எலும்பு மஜ்ஜையில், எப்போதோ, ஒரே ஒரு மூல செல்லில் 9-ஆவது குரோமோசோமின் துண்டும் 22-ஆவதின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அந்த ஒரு செல்லின் வம்சம்தான் இப்போது ரத்தம் முழுக்கப் பெருகியிருக்கிறது. விந்தணுவில் இந்த மாற்றம் கிடையாது, அப்புறம் உங்களுக்கு எப்படி வரும்? இதைச் சொல்லியும் வரன் வீட்டார் இழுத்தால், அந்தச் சம்பந்தம் தேவையா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது ஊர்ப் பெயர். 1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் சிஎம்எல் நோயாளிகளின் செல்களில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். துண்டு எங்கே போனது என்பது 1973 வரை தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்து, இடமாற்றம் என்று கண்டுபிடித்தார். இரண்டு துண்டும் ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற புது மரபணு உருவாகிறது. அது தரும் புரதம், செல்லை 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் விரட்டுகிறது. அதன் வாயை அடைக்கத்தான் இமாட்டினிப் மாத்திரை, 2001-இல் வந்தது. 2013-இல் நம் உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை தர மறுத்ததால், இங்கே குறைந்த விலை மாத்திரைகள் தடையில்லாமல் கிடைக்கின்றன.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீக்கம் வடிந்து கவுண்ட் இறங்கியதும் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அப்பா மாத்திரையை நிறுத்துவார், விடாதீர்கள். டாக்டர் சொல்லும் நாளில், ரத்தத்தில் அந்த மரபணு எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் பிசிஆர் (PCR) டெஸ்டும் தவறக்கூடாது.

நானும் இமாட்டினிப் சாப்பிடுகிறேன். ஆரஞ்சு ஆகாதாமே, உண்மையா?
– வாசகர், ஏற்காடு

உங்கள் மலைக் கமலா ஆரஞ்சைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆகாதது கிரேப்ஃப்ரூட், அதன் இனமான பம்பளிமாசையும் தள்ளி வையுங்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடக்கூடும். மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துப் போடுங்கள், குமட்டல் குறையும்.