ஸ்பானிஷ் வந்தால் தமிழ் போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. இந்த ஆண்டு பள்ளியில் ஸ்பானிஷ் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம், இப்போது இது வேறு. பிள்ளை குழம்பிப்போக மாட்டானா? எங்களுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது. எப்படி உதவுவது, டீச்சர்?
- ஒரு தாய், ஹாரோ, லண்டன்

பதில்: குழம்ப மாட்டான். இங்கிலாந்தின் பாடத்திட்டப்படி 7 முதல் 11 வயது வரை ஒரு வேற்றுமொழி கற்பிக்க வேண்டும். 2014 செப்டம்பரில் வந்த விதி இது. எந்த மொழி என்பது பள்ளியின் விருப்பம். எங்கள் பள்ளியில் ஸ்பானிஷ். வகுப்புக்கு வாரம் 40 நிமிடம் நான்தான் எடுக்கிறேன்.

தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இதில் வசதிதான். 'மே குஸ்தா எல் பான்' என்றால் 'எனக்கு ரொட்டி பிடிக்கும்'. அந்த 'மே' நம் 'எனக்கு' போலத்தான். ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் அதற்கு முன்னால் 'நான்' என்ற சொல்லைச் செருகப் பார்ப்பார்கள். அதை எடுக்க வைப்பதற்குள் ஒரு தவணை போய்விடும். மரியாதையும் அப்படித்தான். 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

ரகரத்தில்தான் வேடிக்கை. 'பெரோ' என்றால் ஆனால். நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். போன வாரம் ஒருவன் எழுந்து நின்று, "எனக்கு ஆப்பிள் பிடிக்கும், நாய் வாழைப்பழம் பிடிக்காது" என்றான். வகுப்பே உருண்டு சிரித்தது. அப்புறம் யாரும் அந்தச் சொல்லில் தவறவில்லை.

வீட்டில் நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது அவனையே எண்ணச் சொல்லுங்கள்: உனோ, தோஸ், த்ரேஸ். அவன் ஆங்கில வாடையில் 'டோஸ், ட்ரெஸ்' என்பான். தோஸுக்குப் பந்து என்பதில் வரும் 'த' ஒலியையும், த்ரேஸுக்குத் தம்பி என்பதில் வரும் 'த' ஒலியையும் சொல் என்று திருத்துங்கள். அதற்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்கத் தேவையில்லை. உயிரெழுத்தும் அஞ்சுதான், அ, எ, இ, ஒ, உ. தமிழில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

எனக்குக் கவலை வேறு. சுமை கூடிவிட்டது என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நிறுத்துகிறார்கள் சில பெற்றோர். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒருநாள் "அம்மா, அகுவா வேணும்" என்று கேட்பான். சரி, தண்ணீரைக் கொடுங்கள்.