மரம் மண்ணுக்குக் கொடுக்கும் சர்க்கரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: இலை பாடுபட்டுச் செய்த சர்க்கரையை வேர் மண்ணில் கசியவிடுகிறதாமே, வீண்தானே?

வீண் இல்லை. காட்டு மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏராளம். ஆனால் பெரும்பகுதி மட்கில் பூட்டிக் கிடக்கும், வேரால் அதை நேராக எடுக்க முடியாது. வேர் நுனியில் கசியும் சர்க்கரையைத் தின்று தெம்பான பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரந்து மட்கை உடைக்கும். அப்புறம் அந்தப் பாக்டீரியாக்களை நுண்ணுயிர்கள் சில தின்னும்போது மிச்சத் தழைச்சத்து, வேர் எடுக்கக்கூடிய அம்மோனியமாக வெளியே வரும். வேர் காத்திருப்பது அதற்குத்தான்.

கேள்வி: இதைக் காட்டில் யாராவது சோதித்திருக்கிறார்களா?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, சுவீடனின் வடக்கே ஒரு பைன் காட்டில் பீட்டர் ஹோக்பெர்க் குழு செய்தது, 2001இல் வெளியானது. மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்தார்கள். சர்க்கரை இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக, தண்ணீர் ஏறுவது கட்டை வழியாக. அதனால் மரம் பச்சையாகவே நிற்க, வேருக்குச் சர்க்கரை மட்டும் நின்றுபோனது. வேரும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண் வெளிவிடும் கரியமில வாயு, ஐந்தே நாளில் 37 சதவீதம் வரை குறைந்தது. ஓரிரு மாதத்தில் 54 சதவீதம்! அந்த மண்ணின் மூச்சில் பாதிக்கு மேல், இலையிலிருந்து புதிதாக இறங்கிய சர்க்கரையால் வந்தது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகக் காட்டில் இன்னொன்று. பைன் மரங்களுக்குக் கூடுதல் கரியமில வாயு கொடுத்தபோது, உரம் போடாத இடத்தில் வேர்க்கசிவு கூடியது; தழைச்சத்து உரம் போட்ட இடத்தில் கூடவில்லை. பசித்த மரம்தான் அதிகம் கொடுக்கிறது.

கேள்வி: வேர்ப்பூஞ்சைக்கும் இதில் பங்கு உண்டா?

பெரிய பங்கு. பைன் வேர் நுனிகளை உறைபோலப் போர்த்தியிருக்கும் பூஞ்சை, மரத்தின் சர்க்கரையை வாங்கிக்கொண்டு தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொண்டுவந்து தரும். ஆனால் தழைச்சத்து மிகவும் குறைந்த வடபுலக் காடுகளில், எடுத்த தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பூஞ்சையே வைத்துக்கொள்வதும் உண்டு. அதை வெறும் நட்பாகப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் என் மாமரத்துக்கு வெல்லத் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம் என்பேன். வேர் சொட்டுச் சொட்டாக, நாள் முழுக்க, நுனியிலேயே கொடுக்கிறது. மொத்தமாக ஊற்றினால் நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகி, இருக்கிற தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளைக்கு மரத்துக்குக் கிடைக்காது. சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே விடுங்கள். சர்க்கரையை மரம் பார்த்துக்கொள்ளும்.