மாத்திரை போட்டால்தான் ‘நான்’ என்றால், நோயில் இருந்தது யார்?

மேலே நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைப் பார்த்தால், உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அண்மையில்தான் மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நான் மருத்துவன் அல்லன், தத்துவம் படித்தவனும் அல்லன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். 2011 முதல், மனம் மிதமிஞ்சிய வேகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிப்போகும் பைபோலார் நோயோடு வாழ்கிறேன் என்பது மட்டுமே என் தகுதி. ‘உனக்கு எதற்கு இந்தப் பெரிய பேச்சு’ என்று கேட்க வருபவர்கள் இதையே பதிலாகக் கொள்ளலாம்.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஒன்பது நாள் எனக்குத் தூக்கமும் இல்லை, களைப்பும் இல்லை. இறந்துபோன என் அண்ணன் பெயரில் தெருவில் கேரம் போட்டி நடத்துவதென்று முடிவு செய்து, மனைவியின் வளையல்களை அடகு வைத்து, தண்டல்காரரிடம் எழுபதாயிரம் ரூபாய் வாங்கி, நாற்பது கோப்பைகளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் தெருவில் ஆடுபவர்களே பதினாறு பேர்தான். இத்தனை காலம் யாரோவாக இருந்துவிட்டு இப்போதுதான் நான் நானாகியிருக்கிறேன் என்ற நிச்சயம் அப்போது எனக்கு இருந்தது. அதைப் போன்ற நிச்சயம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பத்தாம் நாள் மைத்துனர் என்னை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

லித்தியம் என்னைத் தரையில் இறக்கியது. ஆனால் கை நடுங்கத் தொடங்கியது. கையெழுத்து கோணுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கும்போது விரல் ஆடினால் என்ன செய்வது? அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அது. ‘ரெட்’ என்ற சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்து உடனே போட வேண்டிய ‘ஃபாலோ’ காயைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும், மாத்திரை என்னை அழித்துவிட்டு வேறொருவனை உட்கார வைத்திருக்கிறது என்றே நினைத்தேன்.

மனநல மருத்துவராக இருந்து பின்னர் தத்துவத்துக்குப் போன கார்ல் யாஸ்பர்ஸ், 1913இல் வெளியிட்ட நூலில் இரண்டைப் பிரித்துக் காட்டினார்: நோயின் காரணத்தை விளக்குவது ஒன்று, நோயாளியின் அனுபவத்தைப் பொருளோடு புரிந்துகொள்வது வேறொன்று. என் கதையில் வைத்துப் பார்த்தால், ஒன்பது நாள் தூங்காததை மூளையைக் கொண்டு விளக்கலாம். ஆனால் நான் ஏன் நிலம் வாங்கவில்லை, ஏன் தேர்தலில் நிற்கவில்லை, ஏன் அண்ணன் பெயரில் கேரம் போட்டி வைத்தேன் என்பதற்கு என் வாழ்க்கையில்தான் பதில் இருக்கிறது. வேகம் நோயுடையது, ஆசை என்னுடையது. நோய்தான் மெய்யான சுயம் என்று புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் யாரும் தண்டல் கட்டியவர்கள் அல்லர். ‘அது நோய் செய்தது’ என்று சொல்லி அந்தக் கடனிலிருந்து நழுவவும் எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஆண்டுகள் கட்டினேன்.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எது உண்மையான நான் என்று பார்த்துவிடலாம் என்று 2019இல் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். கை நடுக்கம் நின்றது, இரண்டு வாரம் அற்புதமாக ஆடினேன். ஐந்தாம் வாரம் மீண்டும் மருத்துவமனை. அந்தச் செலவைக் கேட்டபோது காப்பீட்டு நிறுவனம் ‘மனநோய் சேராது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வதை நகலெடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தால் காப்பீடு உண்டா என்ற கேள்வியே எழுந்திருக்காது. கேட்ட விஷயத்துக்கு இது வெளியே என்றாலும் ஆறவில்லை.

அதன் பிறகுதான் நடுக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறந்தேன். இரத்தத்தில் லித்தியம் குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு என்பதால் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, அளவைச் சற்றுக் குறைத்தார். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. இப்போது கட்டைவிரலால் அடிக்கப் பழகியிருக்கிறேன். அண்ணன் அப்படி ஆடியதில்லை. நாற்பதில் எஞ்சிய ஒரு கோப்பையில் போர்டுக்குப் போடும் பவுடரை வைத்திருக்கிறோம்.