செட்டிநாட்டில் கண்மாயை நம்பி நெல் போடுபவர்களுக்கு எந்த நீர் சேமிப்புத் தொழில்நுட்பம் உதவும்?

காரைக்குடிப் பக்கம் 2 ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறேன், கண்மாய் வருடாவருடம் சீக்கிரம் வற்றுகிறது, எதில் பணம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லல் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். நெல்லுக்கு நீங்கள் பெரிதாகச் செலவே செய்ய வேண்டாம், ஒரு அடி பிவிசி குழாய் போதும்.

நம் பக்கம் பயிர் கருகுவது தை மாதத்தில்தான். கார்த்திகையில் கண்மாய் நிறைந்திருக்கும்போது வயலில் தண்ணீரைக் கட்டி நிறுத்திவிட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மடையைப் பார்த்து நிற்கிறோம். காற்று 1 டிகிரி சூடேறினால் அது ஏந்தும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும் என்கிறார்கள், அதனால் பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் இடையில் காய்ந்து கிடப்பதும் இனி கூடத்தான் செய்யும். கார்த்திகையில் மிச்சம் பிடிக்கிற தண்ணீர்தான் தையில் கை கொடுக்கும்.

அப்படி மிச்சம் பிடிக்க, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறைக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். நாலு அங்குலக் குழாயில் ஒரு அடி வெட்டி, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். மேலே ஈரம் மறைந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் தெரியும். அது வயல் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு, வயலில் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். நட்டு இரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம். 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. "வயல் வெடிச்சுக் கிடக்கு, நீ குழாய்க்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கியேப்பா" என்று பெரியப்பா சத்தம் போட்டார், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. முதல் வருடம் பூக்கும் சமயத்திலும் காயவிட்டேன், பாதிக் கதிர் பதராகப் போய்விட்டது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் நிற்க வேண்டும், இதை மறக்கவே கூடாது. கோரையும் கூடுதலாக வரும், களைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறிக்குச் சொட்டுநீர் தாராளமாகப் போடலாம், சிறு குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் இருக்கிறது. ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழுவி, வாரம் ஒருமுறை குழாய்க் கடைசி மூடியைத் திறந்துவிட வேண்டும். போட்டுக் கொடுத்தவர்கள் எனக்கு இதைச் சொல்லவில்லை, இரண்டே வருடத்தில் குழாயைச் சுருட்டிப் போட்டேன்.

விதைக்கு, பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா ஆர் 4 நெல் ரகத்தைப் பாருங்கள். வறட்சி தாங்கும், 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு மடைத் தண்ணீர் மட்டும்தானா, கிணறும் இருக்கிறதா? மடை மட்டும் என்றால் நினைத்த நாளில் பாய்ச்ச முடியாது, அப்போது முறை வைப்பது பற்றி அதே கண்மாயில் பாயும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாரிடமும் பேசித்தான் இதைத் தொடங்க வேண்டும்.