வடசென்னைக் கடற்காற்றில் வீட்டிலேயே மலிவான லேக்கர் பெயிண்ட் அடிக்கலாமா?

பழைய பைக்கின் உதிரிப் பாகங்களுக்குக் குறைந்த விலை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் பெயிண்ட் வாங்கி மொட்டை மாடியிலேயே அடித்தால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். ஆனால், அது பெயிண்ட் டப்பாவின் விலையைவிட, பெயிண்ட்டை இளக்க நீங்கள் வாங்கும் தின்னரையும், அடிக்கும் நேரத்தையும், அடியில் இருக்கும் பரப்பையும் பொறுத்தது. இராயபுரத்தில், கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீட்டில், திருவொற்றியூர் ஆலையில் உருவான அப்பாவின் புல்லட்டுக்கு நானே பெயிண்ட் அடித்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

லேக்கர் புதிய பொருள் அன்று. டியூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை ஜெனரல் மோட்டார்ஸ் தனது 1924ஆம் ஆண்டு ஓக்லாந்து கார்களுக்குப் பயன்படுத்திய பிறகுதான், வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த கார் பெயிண்ட் வேலை மிக வேகமாக முடியத் தொடங்கியது. நம் ஊரில் இன்றும் பீரோவுக்கு 'டூகோ அடிப்பது' என்று சொல்வது அந்தப் பெயரின் மிச்சமே. இது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது; இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட்டைப் போல வேதி மாற்றம் அடைந்து இறுகுவதில்லை. ஆகவே காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் மீண்டும் கரையும். வீட்டில் அடிப்பவருக்கு இந்தக் குணம் பெரிய உதவி: வழிந்த இடத்தை 1000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து மேலே இன்னொரு கோட் அடித்தால், அது பழைய கோட்டோடு கரைந்து ஒன்றாகிவிடும். பெட்ரோல் டேங்குக்கு அதே குணம் பகையாகிறது. நிரப்பும்போது சிந்தும் பெட்ரோல் படப்பட லேக்கர் இளகிக் கறைபடும், இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் இன்னும் விரைவாக.

நான் செய்த பெரிய தவறு நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட மாலை நான்கு மணிக்கு, டூல் பாக்ஸ் மூடிக்குக் கறுப்பு அடித்தேன். முதல் இரண்டு நிமிடம் கண்ணாடி போல மின்னியது. பிறகு விளிம்பிலிருந்து உள்நோக்கி, கறுப்புத் தரையில் கோலமாவைத் தூவியது போல வெள்ளை படர்ந்து, பத்து நிமிடத்தில் மூடி முழுவதும் சாம்பல் நிறமானது. பெயிண்ட் போலி என்று நினைத்து, தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட்டுல ஒண்ணும் இல்ல தம்பி, காத்துல தண்ணி இருக்கு" என்றார்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பம் இறங்கி, காற்றில் உள்ள ஈரம் பெயிண்ட்டின் மேல் பனி போலப் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. மலிவான தின்னர்களில் சட்டென்று ஆவியாகும் கரைப்பான்கள் அதிகம் என்பதால், கடலோரத்தில் இது அடிக்கடி நிகழும். மறுநாள் வெயிலில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் என்ற தின்னரை அவர் மென்மையாக ஒரு கோட் அடித்ததும் பெயிண்ட் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பி வந்தது. அன்றிலிருந்து பெயிண்ட்டில் மிச்சம் பிடித்தாலும் தின்னரில் மிச்சம் பிடிப்பதில்லை. சில்லறையாக ஊற்றித் தரும் தின்னரை வாங்குவதே இல்லை.

எங்கள் பகுதியில் விடியற்காலை ஈரமாக இருக்கும். கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று ஏறத் தொடங்கும். ஆகவே காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் வேலையை முடித்துவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடுவதே இல்லை.

காற்றில் வரும் உப்பையும் மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத உப்பு இரும்பில் இருக்க, அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தால், அது ஈரத்தை உறிஞ்சிச் சில மாதங்களில் கொப்புளமாக எழும்பும். துருவைத் தேய்த்து எடுத்தபின் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, வெயிலில் முழுக்க உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

அதற்கு முன், பழைய பெயிண்ட் எதுவென்று தெரிந்துகொள்ள, மறைவான ஓர் இடத்தில் என்.சி. தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் அது லேக்கர். சுருங்கி எழும்பினால் எனாமல், அதன் மேல் லேக்கர் அடிக்கவே கூடாது, முழுவதும் சுரண்டியாக வேண்டும். எதுவும் ஆகாவிட்டால் கம்பெனியில் சூட்டில் வேகவைத்த பெயிண்ட்டாகவோ பி.யு.வாகவோ இருக்கும், 400 எண் பேப்பரால் தேய்த்து, அதன் மேலேயே வேலை செய்யலாம். பிளாஸ்டிக் பாகங்களைத் தின்னர் அரித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள்.

பெயிண்ட்டுக்குச் சம அளவு தின்னர் கலந்து, ஸ்ப்ரே கன்னால் ஏழு எட்டு அங்குலத் தூரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடுமாறு, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஐந்தாறு மெல்லிய கோட் அடிப்பது போதும்.

நம் பகுதி வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி இருப்பதை நினைத்து, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மாடியில் அடித்தாலும் படிக்கட்டு வழியாக இறங்கிக் கீழ்வீட்டு அடுப்பைத் தொடும். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, அவர் சமையலை முடித்த பிறகுதான் கன்னைக் கையில் எடுப்பேன். பெயிண்ட் துடைத்த துணிகளைத் தண்ணீர் வாளியில் போட்டுவைப்பேன். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம் வேண்டும்.

புல்லட்டின் டூல் பாக்ஸ் மூடிகளும் மட்கார்டுகளும் நான் அடித்த லேக்கரோடுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. டேங்கை மட்டும் அந்தப் பெரியவரிடமே கொடுத்து, பி.யு. அடித்து வாங்கிக்கொண்டேன்.